முதல் தர வீட்டில் ஒரு விரிசல்

"வீட்டுல என்ன குறை, சொல்லுங்க" என்று மனு எழுதுகிறவர் பேனா மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டே கேட்டார்.

வரி அலுவலகத்தின் சுற்றுச்சுவரை ஒட்டி, ஒரு தகரத்தின் நிழலில் அந்த மனிதர் மேசை போட்டிருந்தார். மேசையின் ஒரு கால் குட்டை. மடித்த அட்டையை முட்டுக் கொடுத்திருந்தும் அவர் எழுதும்போதெல்லாம் அது ஆடியது. கொத்தனாரின் கண் அந்தக் காலிலேயே நின்றது. பின்னாலிருந்த சுற்றுச்சுவரும் தூக்குக்கு நிற்கவில்லை, மேலே போகப் போக அரை விரல் வெளியே சாய்ந்திருந்தது. கட்டியவன் சாயங்கால அவசரத்தில் கட்டியிருக்க வேண்டும். இப்படி யார் வீட்டைக் காட்டினாலும் நின்ற இடத்திலிருந்தே பத்துக் குறை சொல்லிவிடுவார். சொந்த வீட்டைக் கேட்டால் மட்டும் நாக்கு புரளவில்லை.

"குறைன்னு ஒண்ணும் இல்லீங்களே."

"ஒண்ணும் இல்லைன்னா எதுக்கு அண்ணே வந்தீங்க? என் மூஞ்சியப் பார்க்கவா?"

"வரி ஜாஸ்தியா போட்டுட்டாங்க. எங்களால கட்ட முடியாது."

"அதத்தான் எல்லாரும் சொல்றாங்க. முடியாதுன்னு எழுதினா உள்ள ஒருத்தன் படிக்க மாட்டான். அவங்களுக்கு உங்க கஷ்டம் வேண்டாம், வீட்டோட கஷ்டம் வேணும். சுவர்ல விரிசல் உண்டா? ஒழுகுதா? தரை இறங்கியிருக்கா?"

"ஒழுகுறதா! நான் போட்ட கூரைங்க அது."

மனு எழுதுகிறவர் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, வெயிலில் காத்துக்கொண்டிருந்த அடுத்த ஆளைப் பார்த்தார். பிறகு கொத்தனாரைப் பார்த்தார். இந்த ஆளிடம் இன்னும் கொஞ்சம் பொறுமை செலவழிக்கலாமா என்று கணக்குப் போடுகிற பார்வை அது.

வீட்டு வரி மறுமதிப்பீட்டுக்கு வந்தவன் வீட்டுக்குள் வரக்கூட இல்லை. தெருவில் நின்று ஒரு படம் எடுத்தான், எதையோ குறித்தான், போய்விட்டான். இரண்டு மாதம் கழித்து வந்த தாளில் 'முதல் தரம்' என்று இருந்தது. கொத்தனாரின் மனைவி அதைக் கேட்டு முதலில் சந்தோஷப்பட்டாள், ஏதோ பரிசு என்று. கீழே இருந்த தொகையைப் படித்துக் காட்டியதும் முகம் செத்துப்போனது. பழைய வரியைப்போல நான்கு மடங்கு. முழங்கால் இரண்டும் போய், கொத்தனார் சாரம் ஏறி இரண்டு வருடம் ஆகிவிட்டது. அவள் ஒரு சலவைக் கடையில் மற்றவர்களின் துணிகளை மடித்துக் கொடுக்கிறாள். அன்றைக்கே அவள் முடிவைச் சொல்லிவிட்டாள். இந்த வரி இப்படியே நிலைத்துவிட்டால், வீட்டை யாருக்காவது வாடகைக்கு விட்டுவிட்டு நாம் இரண்டு பேரும் ஒற்றை அறைக்குப் போக வேண்டியதுதான். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் எங்கிருந்து வந்தார்களோ அதே மாதிரி அறை. எட்டுக் குடும்பத்துக்கு ஒரு குளியலறை, வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும்.

அந்த முதல் தரம் எங்கிருந்து வந்தது என்பது கொத்தனாருக்குத் தெரியும். வாசல் சுவரில் பதித்த கருங்கல் பலகை. அது ஏழு வீட்டுக் கழிவு. பணக்காரர்கள் சமையல் மேடைக்கு வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள். முழ அகலம், சாண் அகலம் என்று கிடைத்ததை எல்லாம் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, வருடக்கணக்கில் சேர்த்து, தேய்த்து, இணைப்பு தெரியாமல் பதித்தார். வாசல் கதவு, இடித்த ஒரு ஆஸ்பத்திரியின் பிணவறைக் கதவு. யாரும் வீட்டுக்கு வேண்டாம் என்று ஒதுக்கியதால் சும்மா கிடைத்தது. நல்ல தேக்கு. உள்ளே தரையில் இருபத்து மூன்று தினுசு ஓடு, எல்லாமே மூலை உடைந்தவை. உடைந்த மூலைகளை ஒன்றோடொன்று முடைந்து அவர் போட்டிருந்த விதத்தில், பார்க்கிறவர்கள் வேண்டுமென்றே போட்ட கோலம் என்று நினைப்பார்கள். ஊரார் எறிந்ததை வைத்துக் கட்டியதற்கு ஊராருக்கு இல்லாத வரி.

"இதோ பாருங்க அண்ணே" என்றார் மனு எழுதுகிறவர். "கைவேலை நல்லாயிருக்கு, பொருள் பழசுன்னு எழுதற மாதிரி இந்தத் தாள்ல கட்டமே இல்ல. விரிசல், கசிவு, இறக்கம். இந்த மூணு கட்டம்தான் இருக்கு. எதுல கோடு போடட்டும்?"

"பொய் எழுதச் சொல்றீங்களா?"

"நான் எங்க சொன்னேன்? நீங்க சொல்றத நான் எழுதறேன்."

வெயிலில் நின்றவன் தொண்டையைச் செருமினான். கொத்தனார் குனிந்து, மேசைக் காலுக்கு அடியிலிருந்த அட்டையை எடுத்து இன்னொரு மடிப்பு மடித்து வைத்தார். மேசை ஆடாமல் நின்றது.

"விரிசல்னு போடுங்க" என்றார்.

பதினைந்து நாளுக்குள் அலுவலகத்து இன்ஜினியர் நேரில் வந்து பார்ப்பார் என்று முத்திரை குத்திய நகலோடு அவர் வீட்டுக்கு வந்தார். மனைவி நகலை முன்னும் பின்னும் திருப்பினாள். படிக்கத் தெரியாவிட்டாலும் முத்திரையைத் தடவிப் பார்ப்பாள். விரிசல் என்று எழுதியதை அவர் சொன்னார்.

"எந்த விரிசல்?"

"ஒண்ணும் இல்ல."

"அப்புறம் வர்றவங்களுக்கு எதக் காட்டுவீங்க? உங்க கால்ல இருக்கற பித்தவெடிப்பையா?"

"கோபத்தக் கிளப்பாத."

"நாப்பது வருசமா அடுத்தவன் வீட்டு விரிசல அடைச்சீங்க. நம்ம வீட்டுக்கு ஒண்ணு போடறதுக்கு என்ன கேடு? நான் சித்தாளா நிக்கிறேன், வாங்க." அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கொத்தனார் சிரிக்காததைப் பார்த்ததும் அவளும் நிறுத்திக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பின்னறைச் சுவரைப் பார்த்தார்கள்.

நான்கைந்து நாள் கொத்தனார் சுவர்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விரிசல் என்றால் சும்மா இல்லை. ஒவ்வொரு விரிசலுக்கும் ஒரு காரணம் உண்டு, ஒரு குற்றவாளி உண்டு. பூச்சில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள் ஓடினால், பூசியவன் தண்ணீர் விட்டு நனைக்கவில்லை என்று அர்த்தம். கூரைக்கு ஒரு முழம் கீழே படுக்கைவாட்டில் ஓடினால், சுவரையும் கூரையையும் சரியாக உட்கார வைக்கவில்லை. தூணும் சுவரும் சேரும் இடத்தில் நெட்டுக்கு விட்டால், கம்பிவலை வைக்காத சோம்பேறி. இந்த மூன்றில் எதைப் போட்டாலும் பழி கட்டியவன் மேல்தான் வரும். இந்த வீட்டைக் கட்டியவர் இவர். அந்த இன்ஜினியர் யாரோ எவரோ, போன பிறகு ஒருநாளும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. இருந்தும், அந்த ஆள் சுவர் முன்னால் நின்று 'யாரு பூசினது இது?' என்று கேட்டு உதட்டைப் பிதுக்குவதை நினைத்தாலே கொத்தனாருக்கு உடம்பு கூசியது. வேலைக்குப் போன இடத்திலெல்லாம் அவருக்குத் தூக்குக்குண்டு என்றுதான் பட்டப்பெயர். மற்றவர்கள் கண்ணால் பார்த்துக் கட்டும் இடத்திலும் இவர் நூலைத் தொங்கவிட்டுப் பார்ப்பார். மேஸ்திரிகள் திட்டுவார்கள், தாமதம் என்று கூலியில் பிடிப்பார்கள். அப்போதும் நூல் தொங்கும்.

இன்னொரு விரிசல் இருக்கிறது. சன்னலின் கீழ் மூலையில் தொடங்கி, செங்கல் இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு படிப்படியாகத் தரையை நோக்கிச் சாயும். மேலே அகலமாக இருக்கும், கீழே போகப் போக ஒடுங்கும். அது அடியில் மண் இறங்குவதால் வருவது. எப்பேர்ப்பட்ட கை கட்டிய சுவரிலும் வரும். அதில் கொத்தனார் மேல் ஒரு சொல் வராது. பழி எல்லாம் மண் மேல். அவர் அதைத் தேர்ந்தெடுத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெரு சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில் வேலையை ஆரம்பித்தார்கள். அவள் பின்கட்டில் துவைகல் முன் உட்கார்ந்து ஒரு போர்வையை எடுத்துக்கொண்டாள். அவர் உளியின் தலையில் தட்டும் அதே நொடியில் அவள் போர்வையைக் கல்லில் அறைந்தாள். டக், பொத். டக், பொத். வெளியே கேட்பவர்களுக்கு ஒரே சத்தம். பழைய நாட்களில் அவள் கலவைச் சட்டியை நீட்டும் நேரமும் இவர் கை நீளும் நேரமும் இப்படித்தான் ஒன்றாக விழும். அப்போது ஒரு சுவர் எழும். இப்போது விழுகிறது என்று நினைத்ததும் நிறுத்தினார். வெளியே போர்வை ஒருமுறை தனியாக அறைந்துவிட்டுக் காத்திருந்தது. மறுபடி தட்டினார்.

உளித்தடம் தெரிந்தால் மாட்டிக்கொள்வோம். அதனால் செங்கலை அவர் வெட்டவில்லை. தட்டையான உளியை இணைப்பில் இறக்கி, நெம்பி, தானாக உடைவது போல உடைத்தார். முழங்கால் மடங்காததால் கடைசி மூன்றடியைப் படுத்துக்கொண்டு செய்தார். பிறகு வெளியே வந்து, உள்ளே விட்ட கோடு வெளியே எந்த இடத்தில் வரும் என்று நூல் பிடித்து அளந்து, அங்கேயும் அதே படியில் விட்டார். சோதித்துப் பார்க்க நுழைத்த ஒல்லியான ஒரு கம்பி உள்ளிருந்து வெளியே எங்கும் தட்டாமல் போனது. அகலம் மேலே அரை விரல், நடுவில் அதில் பாதி, தரைக்கருகில் ஒரு நூல் அளவு. புது உடைப்பு வெள்ளையாகப் பல்லைக் காட்டும் என்பதால், டீத்தண்ணீரில் அடுப்புக்கரியும் சுண்ணாம்புத் தூளும் கலந்து வாயால் ஊதி உள்ளே ஏற்றினார். கோழிக்கூண்டிலிருந்து சிலந்திக்கூடு ஒன்றைக் குச்சியில் சுற்றி வந்து மேல் மூலையில் ஒட்டவைத்தார். மனைவி ஈரக்கையோடு வந்து பார்த்தாள்.

"அம்மாடி" என்றாள். "எனக்கே பயமா இருக்கு. விழுந்துடாதே?"

"நூறு வருசம் நிக்கும்" என்றார் அவர். அன்று சாயங்காலம் அவள் கொடுத்த டீயை இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

இன்ஜினியர் என்று வந்தது ஒரு சின்னப் பெண். மகள் வயதுகூட இருக்காது. தோளில் பை, கையில் அளவு நாடா, முகத்தில் வெயில். வாசல் கல்லைத் தொட்டுப் பார்த்து, "எந்தக் கடையில வாங்கினீங்க ஐயா?" என்று கேட்டாள். கொத்தனார் பதில் சொல்வதற்குள் மனைவி, "அதெல்லாம் ஓசிம்மா" என்று உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். தரையைப் பார்த்ததும் அந்தப் பெண் செருப்பைக் கழற்றினாள். அலுவலகத்து ஆள் யாரும் அப்படிச் செய்து கொத்தனார் பார்த்ததில்லை.

பின்னறைக்கு வந்ததும் அவள் பேச்சு நின்றது. விரிசல் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். சின்ன டார்ச்சை அடித்துப் பார்த்தாள். மெல்லிய இரும்பு அளவுகோலை மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் நுழைத்து எண்ணைக் குறித்தாள். எழுந்து வெளியே போய்ச் சுற்றிப் பார்த்தாள். திரும்பி உள்ளே வந்தாள். மறுபடி வெளியே போனாள். கொத்தனார் கதவோரம் நின்று, அவள் சரியான இடத்தில் சரியான வரிசையில் பார்ப்பதைக் கவனித்துக்கொண்டிருந்தார். படித்த பெண்தான். வேலை தெரிந்தவள். மனதுக்குள் அவருக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது, ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்த ஆள் பார்க்கிறாளே என்று.

"பக்கத்துல யாராவது பள்ளம் தோண்டினாங்களா ஐயா?"

"நாலு வீடு தள்ளி குழாய்க்குத் தோண்டினாங்கம்மா. போன மழைக்கு முன்னாடி." பொய் அவர் வாயிலிருந்து கலவை மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. "அதுல மண்ணு நகர்ந்திருக்கும். சுவர் வேலையில தப்பு இல்லம்மா. சுவரு கெட்டி."

"சுவர் நல்ல வேலைதான், தெரியுது. மண்ணுதான் மோசம்." அவள் நோட்டை மூடினாள். முகம் வெளிறியிருந்தது. "நீங்க ரெண்டு பேரும் எந்த ரூம்ல படுக்கறீங்க?"

"இங்கதான்" என்றாள் மனைவி.

"இனிமே இங்க படுக்காதீங்கம்மா. முன்னறையில படுங்க. கதவுக்குப் பக்கத்துல." அந்தப் பெண் தன் தொலைபேசி எண்ணைக் கிழித்த தாளில் எழுதிக் கொடுத்தாள். "விரிசல் பெருசாற மாதிரி தெரிஞ்சா உடனே கூப்பிடுங்க. யோசிக்காதீங்க."

அவள் போனதும் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கொத்தனார் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. மேல்முறையீட்டு அதிகாரியின் அறையில் காற்றாடி மட்டும் வேகமாக இருந்தது. அவர் மேசையில் கோப்புகள் பறக்காமல் இருக்கக் கண்ணாடிக் குண்டுகள் வைத்திருந்தார். தலை நிமிராமலே ஒரு தாளை எடுத்துப் படித்தார்.

"உங்க மேல்முறையீடு ஏத்துக்கிட்டாச்சு. முதல் தரம் ரத்து. இந்த வருசத்திலேருந்து வரி கிடையாது."

"கிடையாதுங்களா?" கொத்தனார் குறையும் என்றுதான் நினைத்திருந்தார். மனைவி அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். காலில் விழச் சொல்கிறாளோ, எழுந்து போகலாம் என்கிறாளோ, தெரியவில்லை.

"குடியிருக்கத் தகுதியில்லாத கட்டடத்துக்கு எப்படி வரி போட முடியும்?" அதிகாரி இரண்டாவது தாளை எடுத்து நீட்டினார். "அஸ்திவாரம் இறங்கியிருக்கு. ஆபத்தான கட்டடம். முப்பது நாள்ல காலி பண்ணணும். நீங்களே இடிச்சா சரி. இல்லைன்னா நாங்க இடிச்சுட்டுச் செலவ உங்க கிட்ட வாங்குவோம். இதுல ஒரு கையெழுத்து."

கொத்தனார் தாளைப் பார்த்தார். எழுத்துகள் இருந்தன, ஆனால் ஒன்றும் உள்ளே போகவில்லை. பூச்சில் நாலு கோடு போட்டிருக்கலாம். அந்தப் பெண் உதட்டைப் பிதுக்கிவிட்டு, 'வேலை தெரியாத பய கட்டினது' என்று மூன்றாம் தரத்தில் எழுதிவிட்டுப் போயிருப்பாள். ஒரு சொல். அந்த ஒரு சொல்லை வாங்கிக்கொள்ள மனசு வரவில்லை.

மனைவிதான் பேசினாள். "ஐயா, அது நெசமான விரிசல் இல்லீங்க. இவருதான் போட்டாரு. உளியால. நான் கூட இருந்தேன்."

அதிகாரி முதல் தடவையாக நிமிர்ந்தார். அவருக்குச் சிரிப்பு வந்தது. "காலி பண்ணச் சொன்னா எல்லாரும் இதத்தாம்மா சொல்றாங்க. போன வாரம் ஒருத்தர், என் பேரன் பந்து அடிச்சதுல விட்டுச்சுன்னு சொன்னாரு." மணியை அழுத்தி, இன்ஜினியரை வரச் சொன்னார்.

அந்தப் பெண் வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். கொத்தனாரைப் பார்க்காமல் அதிகாரியிடம் சொன்னாள். "வாய்ப்பே இல்ல சார். நான் ரெண்டு பக்கமும் பார்த்தேன். உள்ளயும் வெளியிலயும் அப்படியே ஒத்து வருது. மேல அகலம், கீழ ஒடுக்கம். செங்கல் தானா உடைஞ்சிருக்கு, வெட்டின தடமே இல்ல. பழைய அழுக்கு படிஞ்சிருக்கு. இத ஒரு மனுசனால செய்ய முடியாது."

நாற்பது வருடத்தில் யாரும் அவர் வேலையைப் பற்றி இவ்வளவு நேரம் பேசியதில்லை. முடித்துக் கொடுத்த வீடுகளில் கடைசிக் கூலியைக் குறைக்கத்தான் வேலையைப் பற்றிப் பேசுவார்கள். கொத்தனாருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அறையில் அதன் காரணம் அவருக்கு மட்டும்தான் தெரியும், தெரிந்ததே கேவலமாக இருந்தது.

"முடியும்மா" என்றார். "நூல் பிடிச்சு அளந்தேன். அழுக்கு, டீத்தண்ணியும் கரியும். மேல் மூலையில இருந்த சிலந்திக்கூடு எங்க கோழிக்கூண்டுல எடுத்தது."

அவள் இப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாக இருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

"ரெண்டு தடவ உங்க தெருவுக்கு வந்துட்டுப் போனேன் ஐயா" என்றாள் மெதுவாக. "ரெண்டு தடவையும் மழை பெய்ஞ்சுது. வீடு நிக்குதான்னு பார்க்க வந்தேன்."

அதிகாரி கண்ணாடிக் குண்டு ஒன்றை உருட்டிக்கொண்டே யோசித்தார். பிறகு வழி சொன்னார். அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்து வெளி இன்ஜினியரிடம் சான்று வாங்கலாம், செலவு உங்களுடையது. அந்தச் செலவைக் கேட்டதும் மனைவி தலையை ஆட்டிவிட்டாள். அப்படியானால் இன்னொன்று. விரிசலை நீங்கள்தான் போட்டீர்கள் என்றால், இன்னொரு தடவை போட்டுக் காட்டுங்கள். இன்ஜினியர் சொல்லும் சுவரில், அவர் கண் முன்னால், அதே மாதிரி. அவர் ஒப்புக்கொண்டால் இடிக்கச் சொன்ன உத்தரவைத் திரும்பப் பெறலாம்.

"ஆனா ஒண்ணு" என்றார். "போட்டுக் காட்டிட்டீங்கன்னா, பொய் மனுன்னு ஆகிடும். முதல் தரம் அப்படியே நிக்கும். அபராதமும் சேரும். இன்னொரு தடவ மேல்முறையீடு கிடையாது. யோசிச்சுச் சொல்லுங்க."

"போட்டுக் காட்டலைன்னா?"

"போட்டுக் காட்டலைன்னா நிசமான விரிசல். இடிக்கணும்."

பஸ்ஸில் திரும்பும்போது மனைவி சன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள். இறங்கும் இடம் வந்தபோது மட்டும், "இடிச்சா நம்ம கிட்ட ஒண்ணும் இருக்காது. வாடகைக்கு விட்டா சுவராவது நம்மளுது" என்றாள். அவர் தலையாட்டினார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் அந்தப் பெண் ஒரு உதவியாளரோடு வந்தாள். படம் பிடிக்க முக்காலியும் கருவியும் கொண்டுவந்திருந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றினாள். பின்னறையிலேயே வேறு பக்கத்தில் போடுகிறேன் என்று கொத்தனார் சொல்லிப் பார்த்தார். தொடாத சுவர்தான் வேண்டும் என்றாள். முன்னறையில் தெருவைப் பார்த்த சன்னலைக் காட்டினாள். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கிறதாம்.

அந்தச் சுவரைத்தான் அவர் முதலில் கட்டினார். அப்போது கூரை இல்லை. பாதிச் சுவர் எழும்பியதும் நான்கு நாள் தொடர்ந்து வேலைக்குப் போய்ச் சிமெண்டு வாங்கும்வரை, அதன் நிழலில் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதைச் சொல்ல வாயெடுத்தார். உதவியாளன் முக்காலியின் திருகாணியை இறுக்கிக்கொண்டிருந்தான்.

மனைவி ஒரு சாக்கைக் கொண்டுவந்து சுவரடியில் விரித்தாள், ஓட்டின் மேல் செங்கல் சில்லு விழுந்து அடிபடாமல் இருக்க. சாக்கின் ஓரம் சுருண்டிருந்தது. குனிந்து நீவிவிட்டாள். பிறகு சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரச் சத்தம் எதுவும் அங்கிருந்து கேட்கவில்லை.

கொத்தனார் காலை நீட்டி உட்கார்ந்தார். சன்னலின் கீழ் மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். உளியை அதில் பொருத்தி, கருவியின் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டு, தட்டினார். பூச்சு ஓசை மட்டும் கொடுத்தது. மறுபடி தட்டினார். வெள்ளையாக ஒரு பொட்டு விழுந்தது, அவ்வளவுதான். மூன்றாவது அடிக்கு உளி வழுக்கி அவர் கட்டைவிரல் தோலை உரித்தது.

"எவ்வளவு நேரம் ஆகும் ஐயா?" என்று கேட்டாள் அந்தப் பெண். குரலில் அதட்டல் இல்லை.

"நல்ல சுவரும்மா" என்றார், விரலை வாயில் வைத்தபடி. "கொஞ்சம் நேரமாகும். நீங்க உக்காருங்க."

அவள் தரையிலேயே, சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அடுத்த அடியில் ஒரு சிட்டிகைத் தூள் உதிர்ந்து, காலை வெயிலில் மெதுவாக இறங்கி, அவள் மடியிலிருந்த நோட்டின் மேல் படிந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.